கால் வலிக்கலைன்னா நிம்மதியா இருந்துடாதீங்க: சுகர் இருக்கறவங்க கால் நரம்ப வீட்லயே பாத்துக்கற வழி

அப்பா ஒரு சித்திரை மாசம் மத்தியானம் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒத்தச் செருப்போட நடந்து வந்தாரு. "இன்னொரு செருப்பு எங்கப்பா?"ன்னு கேட்டப்பதான் குனிஞ்சு பாத்தாரு. எங்க கழண்டுச்சுன்னே தெரியல. தார் ரோட்டுல வெறுங்காலோட அவ்ளோ தூரம் வந்திருக்காரு, சுண்டுவிரலுக்குக் கீழ பெருசா கொப்புளம், ஆனா அவருக்கு ஒரு எரிச்சலும் இல்ல, வலியும் இல்ல. வலி இல்லாததால நாங்களும் மஞ்சள் பத்து போட்டுட்டு விட்டுட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு சீழ் எலும்பு வரைக்கும் போயிடுச்சுன்னு சொல்லி அந்த விரல எடுத்தாங்க.

அதுக்கப்புறம் நாங்க கத்துக்கிட்டதெல்லாம்தான் இங்க எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அப்பாவோட கால தினமும் பாக்கற மகன், அவ்ளோதான். இதுல வர்ற விஷயங்கள டாக்டர்கிட்டயும் நர்ஸ்கிட்டயும் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிஞ்சுக்கிட்டேன். மாத்திரை விஷயத்துல மட்டும் எதையும் நீங்களா ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

முதல்ல இதப் படிக்கறத நிறுத்திட்டு ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகாது, எந்தக் கருவியும் வேணாம். இங்கிலாந்துல இப்ஸ்விச்ங்கற ஊர் ஆஸ்பத்திரில உருவாக்கினது, அதனால இப்ஸ்விச் தொடு சோதனைன்னு பேரு. சுகர் இருக்கறவங்கள கால நீட்டி படுக்க வச்சு கண்ண மூடிக்கச் சொல்லுங்க. நீங்க ஆள்காட்டி விரல் நுனியால அவங்க கால் விரல் நுனிய பூ மாதிரி மெதுவா தொடணும், ஒண்ணு ரெண்டு செகண்டு மட்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, கிள்ளக்கூடாது. வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், அப்புறம் வலது நடுவிரல், கடைசியா இடது நடுவிரல், மொத்தம் ஆறு இடம். தொடறது தெரிஞ்சா வலதா இடதான்னு சொல்லணும். ஒரு இடத்த ஒரு தடவைதான் தொடணும், தெரியலன்னா மறுபடி தொட்டு "இப்ப தெரியுதா"ன்னு கேக்காதீங்க, அப்பாவுக்கு ஆசைல அம்மா அப்படித்தான் மூணு தடவ தொட்டாங்க. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், இந்த வாரமே டாக்டர்கிட்ட போகணும். ஆறும் சரியா சொல்லிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட முழுசா பாக்கணும், அவங்க 10 கிராம் அழுத்தத்துல வளையற நைலான் இழையாலயும், தட்டினா அதிர்ற 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலயும் பாப்பாங்க, சில இடத்துல பயோதீசியோமீட்டர்னு ஒரு மெஷின் இருக்கும், அதுல அதிர்வு 25 வோல்ட்டுக்கு மேல வச்சாதான் தெரியுதுன்னா புண் வர்ற ஆபத்து அதிகம்னு எடுத்துப்பாங்க.

டைப் 2 சுகர் இருக்கறவங்களுக்கு இந்த செக்கப்ப சுகர் கண்டுபிடிச்ச அன்னைல இருந்தே ஆரம்பிக்கணும், ஏன்னா கண்டுபிடிக்கறதுக்கு சில வருஷம் முன்னாடியே சுகர் ஏறியிருக்கலாம். டைப் 1னா கண்டுபிடிச்சு 5 வருஷத்துல இருந்து.

சரி, ஏன் காலுல ஆரம்பிக்குது, ஏன் தலையிலயோ முதுகுலயோ ஆரம்பிக்கலங்கறது எனக்கு ரொம்ப நாள் புரியல. விஷயம் நீளம்தான். கட்டைவிரல் நுனிக்குப் போற நரம்போட செல் இடுப்புக்கிட்ட முதுகெலும்பு பக்கத்துல இருக்கு, அதோட வால் மட்டும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு விரல் நுனி வரைக்கும் இறங்குது, ஒரே செல் அது. அந்த நுனிக்கு வேண்டிய சரக்கெல்லாம் மேல இருக்கற செல்லுல இருந்துதான் போயாகணும். சுகர் வருஷக்கணக்கா அதிகமா இருந்தா நரம்புக்கு ரத்தம் கொடுக்கற மயிரிழை ரத்தக்குழாய்களும் கெடுது, நரம்புக்குள்ள நடக்கற வேலையும் கெடுது, அப்ப தூரமா இருக்கற நுனிதான் முதல்ல காய்ஞ்சு போகும், கால்வாய்ல தண்ணி குறைஞ்சா கடைமடை வயல் முதல்ல காயற மாதிரி. அதனாலதான் ரெண்டு கால் விரல்லயும் ஒரே மாதிரி ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும், முழங்கால் கிட்ட வர்ற சமயத்துலதான் கை விரல் நுனில ஆரம்பிக்கும்.

ஆரம்பத்துல எரிச்சல், ஊசி குத்தற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி, ராத்திரில பெட்ஷீட் பட்டாலே வலி, இப்படி இருக்கும். அப்புறம் பஞ்சு மேல நடக்கற மாதிரி, கடைசில ஒண்ணுமே தெரியாது. இந்த ஒண்ணுமே தெரியாத கட்டத்துலதான் நெறைய பேர் "எரிச்சல் போயிடுச்சு, சரியாயிடுச்சு"ன்னு நெனச்சுக்கறாங்க. சுகர் இருக்கறவங்கள்ல போகப்போக கிட்டத்தட்ட பாதி பேருக்கு நரம்பு பாதிப்பு வருது, அதுலயும் பாதி பேர் வரைக்கும் எரிச்சல் வலின்னு எதுவும் இல்லாமலேயே நேரா மரத்துப்போற கட்டத்துக்குப் போயிடறாங்க. அப்பாவும் அப்படித்தான். 2023ல வந்த ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வுப்படி நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர், இதுல எத்தன பேரு கால குனிஞ்சு பாக்காம இருக்காங்கன்னு நெனச்சா எனக்கு மனசு கனக்குது.

இன்னொரு அடையாளம், யாரும் சுகரோட சேத்துப் பாக்காதது: வாஷ்பேசின்ல குனிஞ்சு முகம் கழுவ கண்ண மூடினா தள்ளாடுது, இருட்டுல நடந்தா தடுமாறுது. கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்றதும் அதே நரம்புதான், அது சொல்லாதப்ப கண்ண வச்சு சமாளிச்சுட்டு இருப்போம், கண்ண மூடினதும் தெரிஞ்சிடும். இது இருக்கறவங்க பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி போடுங்க, ராத்திரி ஒரு சின்ன லைட் எரியட்டும், முகத்த ஸ்டூல்ல உக்காந்து கழுவட்டும்.

வலி இல்லாததே ஆபத்துங்கறத உலகத்துக்கு எடுத்துக் காட்டின இடங்கள்ல நம்ம வேலூருக்குப் பெரிய பங்கு இருக்கு. பால் பிராண்டுன்னு ஒரு சர்ஜன், 1914ல கொல்லிமலைல மிஷனரி வீட்ல பொறந்தவரு, 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தாரு. அப்ப தொழுநோய் வந்தா சதை அழுகி விரல் தானா விழுந்துடும்னுதான் எல்லாரும் நம்பினாங்க. அவரு ஒவ்வொரு புண்ணா எப்படி வந்துச்சுன்னு துருவிப் பாத்தாரு. சூடான பாத்திரம், செருப்புக்குள்ள ஆணி, ராத்திரி தூங்கறப்ப எலி கடிச்சது, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. விரல் தானா அழுகல, வலி தெரியாததால காயத்து மேல காயம் பட்டுத்தான் போச்சு. எலிக்காக நோயாளிகளுக்கு பூனை வளக்கக் கொடுத்திருக்காங்க. அந்த வேலூர், பக்கத்துல இருக்கற கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி அனுபவத்துல இருந்து பிரபலமானதுதான் இன்னைக்கு சுகர் நோயாளிங்க போடற எம்சிஆர்ங்கற மெத்து மெத்து ரப்பர் செருப்பு. நோய் வேற, ஆனா மரத்த கால் ஒண்ணுதான்.

எங்க வீட்டு முழு ஏற்பாடும் இதுல இருந்துதான் வந்துச்சு. நரம்பு பாக்காத வேலைய கண்ணும் கையும் பாக்கணும், தினமும், நேரம் வச்சு.

நாங்க ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பாக்கறோம், ஏன்னா பகல் முழுக்க நடந்ததுல ஏதாவது பட்டிருந்தா அன்னைக்கே தெரியும். நல்ல வெளிச்சத்துல உக்கார வச்சு முதல்ல ரெண்டு பாதத்தையும் புறங்கையால தொட்டுப் பாக்கறேன், ஒரு கால் இன்னொண்ண விட சூடா இருக்கான்னு. புறங்கைக்குச் சூடு நல்லா தெரியும். அப்புறம் குதிகால், பாதத்தோட அடி, விரல் இடுக்கு ஒவ்வொண்ணையும் விரிச்சு, நகத்து ஓரம். தனியா இருக்கறவங்க ஒரு கண்ணாடிய தரைல வச்சு அதுக்கு மேல பாதத்தக் காட்டிப் பாக்கலாம், இல்லன்னா போன் கேமராவுல பாதத்தோட அடிய போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க. போட்டோவுல இன்னொரு லாபம், தேதியோட இருக்கும், போன வாரம் எப்படி இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட காட்டலாம். சுகர்ல கண்ணும் கெட்டிருந்தா வேற ஆள்தான் பாக்கணும், மங்கலான கண்ணால பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது.

பாக்க வேண்டியது வெறும் புண் மட்டும் இல்ல. செவப்பு, கொப்புளம், வீக்கம், வெடிப்பு, விரல் இடுக்குல வெள்ளையா ஊறிப்போன சேத்துப்புண், நிறம் மாறின நகம், இதெல்லாம். ரொம்ப முக்கியமா கால் ஆணி. பாதத்துல ஒரே இடத்துல அழுத்தம் விழுந்தா தோல் தடிச்சுப் போகும், அந்தத் தடிப்பே அடியில ஒரு கல்லு மாதிரி அழுத்திக்கிட்டு இருக்கும், கொஞ்ச நாள்ல உள்ளுக்குள்ள சதை நசுங்கி புண்ணாகும், வெளிய தெரியாது. ஆணிக்கு நடுவுல கறுப்பா ஒரு புள்ளி தெரிஞ்சா உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு அர்த்தம், மறுநாளே காட்டணும். பிளேடால சீவாதீங்க, மெடிக்கல்ல விக்கற கால் ஆணி பிளாஸ்டர் ஒட்டாதீங்க, அதுல இருக்கற சாலிசிலிக் ஆசிட் நல்ல தோலையும் சேத்து அரிச்சிடும், மரத்த காலுல அது அரிக்கறதே தெரியாது. கால் கிளினிக்ல சீவி விடுவாங்க.

கழுவறது வெதுவெதுப்பான தண்ணில, சூட்ட முழங்கையால பாத்துட்டு, இல்ல வீட்ல வேற யாராவது பாக்கணும், கால விட்டுப் பாக்கவே கூடாது. எரிச்சலுக்கு இதமா இருக்கும்னு வெந்நீர்ல உப்பு போட்டு கால ஊற வைக்கற பழக்கம் நம்மகிட்ட நெறைய இருக்கு, வெந்நீர் பேக் வைக்கறதும் இருக்கு, ரெண்டையும் விட்டுடணும். கழுவினதும் பழைய வேட்டித் துணியால விரல் இடுக்க ஒத்தி எடுங்க. சுகர்ல வேர்வை நரம்பும் கெட்டுப்போறதால பாதம் காய்ஞ்சு பித்தவெடிப்பு வரும், அதுக்கு தேங்கா எண்ணெயோ வேற கிரீமோ குதிகாலுக்கும் பாதத்துக்கும் தடவலாம், விரல் இடுக்குல மட்டும் தடவாதீங்க, ஈரம் நின்னு சேத்துப்புண் வரும். நகத்த நேரா வெட்டணும், ஓரத்துல தோண்டக்கூடாது.

காயம் ஒண்ணு பட்டுடுச்சுன்னா சுத்தமான தண்ணில கழுவி, சுத்தமான காஸ் துணி வச்சு மூடி, அந்தக் காலால நடக்கறத நிறுத்திட்டு ஒரு நாளுக்குள்ள டாக்டர்கிட்ட போங்க. காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், சாணி எதுவும் வேணாம். நாங்க மஞ்சள் வச்சு இழந்த ரெண்டு மாசத்த நெனச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் தாங்கல. நடக்காம இருக்கறதுதான் இதுல பெரிய மருந்து, புண்ணு மேல ஒவ்வொரு அடி வைக்கறப்பவும் ஒட்டின சதை மறுபடி பிரியுது, எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் போட்டாலும் அழுத்தம் எடுக்காம புண் ஆறாது. வலி இருக்கறவன் தானா நொண்டுவான், அந்த நொண்டறதுதான் கால காப்பாத்துது, மரத்தவங்க நொண்டாம நல்லா மிதிச்சு நடப்பாங்க. டாக்டர் மாவுக்கட்டு மாதிரி ஒண்ணு போட்டு விட்டா அத கழட்டாம வச்சிருங்க.

செருப்பு விஷயத்துக்கு வரேன். விரலுக்கு நடுவுல வார் போற ஹவாய் செருப்பு வேணாம், இடுக்குல அறுக்கும், அதோட மரத்த காலுல அது கழண்டு போறது தெரியாது, அப்பாவுக்கு நடந்தது அதுதான். பின்னாடி வார் இருக்கணும், முன்னாடி அகலமா இருக்கணும், வெல்க்ரோ இருந்தா வீக்கத்துக்குத் தகுந்த மாதிரி இழுத்துக்கலாம், உள்ள எம்சிஆர் ரப்பர், அத கட்டைவிரலால அழுத்தினா உள்ள போயி திரும்ப எழும்பும், அடியில ஆணி ஏறாத கெட்டி ரப்பர். சாயங்காலமா வாங்கப் போங்க, காலைல விட அப்ப பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். புதுசு வாங்கினதும் முதல் நாள் அரை மணி நேரம் போட்டுட்டு கழட்டி எங்கயாவது செவந்திருக்கான்னு பாருங்க. அளவு சரியா இருக்கான்னு "கடிக்குதா"ன்னு அவங்ககிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல, தெரியாது, கண்ணால பாக்கணும். ஒவ்வொரு தடவ போடறதுக்கு முன்னாடியும் செருப்ப உதறி கைவிட்டுத் தடவிப் பாக்கணும், அடிய திருப்பியும் பாக்கணும்.

வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். இது எங்க வீட்ல பெரிய சண்டையாவே ஆச்சு, அம்மா "வீட்டுக்குள்ள செருப்பா, சாமி ரூம் இருக்குங்க"ன்னு ஒத்துக்கவே இல்ல. கடைசில உள்ளுக்குன்னு தனியா ஒரு ஜோடி வாங்கி, அது வாசலத் தாண்டாதுன்னு சொன்னப்பறம் சரின்னாங்க. கோயில் இன்னும் கஷ்டம். வெயில் நேரத்துல பிரகாரத்துக் கல்லு எப்படி சுடும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா மரத்த காலுக்குத் தெரியாது. விடியகாலைலயோ பொழுது சாஞ்சப்பறமோ போங்க, கெட்டியான காட்டன் சாக்ஸ் போட்டுக்கங்க, கோயில்ல முன்னாடியே சொல்லிட்டா பெரும்பாலும் புரிஞ்சுப்பாங்க. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அத வெறுங்கால்ல போறது, பழனி பாதயாத்திரை, தீமிதி, இதெல்லாம் உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு வேணாம்னு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். பைக்ல பின்னாடி உக்காந்தா சைலன்சர் பக்கம் கால் போகாம பாருங்க, அந்தச் சூடு பட்ட காயம் நெறைய பேருக்கு வருது.

இனி மாத்திரை. நரம்பக் கெடுக்கறது சுகர் மட்டும் இல்ல, அத தனியா பாக்கணும், ஏன்னா அதுல சிலத சரிபண்ண முடியும். சுகருக்குக் கொடுக்கற மெட்ஃபார்மின் மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிட்டா சில பேருக்கு வைட்டமின் பி12 குறையும், குடல்ல அது உறிஞ்சப்படறத மெட்ஃபார்மின் தடுக்கும். பி12 குறைஞ்சாலும் அதே மாதிரி கால் மதமதப்பு, தள்ளாட்டம், அதோட மறதி கூட வரலாம், பாத்தா சுகர் நரம்பு பாதிப்புன்னே தோணும். சைவம் சாப்பிடறவங்க, கேஸ்க்குன்னு தினமும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வருஷக்கணக்கா போடறவங்க, வயசானவங்களுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு 12 வருஷமா மெட்ஃபார்மின், விரல் எடுத்தப்பறம்தான் முதல் தடவையா பி12 பாத்தோம், 140 இருந்துச்சு, பொதுவா 200க்குக் கீழ போனாலே குறைவு. ஊசி போட ஆரம்பிச்ச சில மாசத்துல தள்ளாட்டம் கொஞ்சம் குறைஞ்சுது. அதனால டாக்டர்கிட்ட "பி12 பாக்கலாமா"ன்னு நீங்களே கேளுங்க, ஆனா மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்தாதீங்க, அது நல்ல மாத்திரை, பி12ஐ சேத்துக்கிட்டாப் போதும். ரத்தசோகைன்னு வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டா ரத்தம் சரியாயிடும், பி12 குறைவு மறைஞ்சு போயி நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும், அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

டிபி மருந்துல ஐசோனியாசிட் நரம்ப பாதிக்கும், உடம்புல பி6 குறையறதால, அதுக்காகத்தான் கூடவே பி6 மாத்திரை கொடுப்பாங்க. சுகரும் டிபியும் சேந்து வர்றது நம்ம ஊர்ல சகஜம், அவங்க அந்தச் சின்ன மாத்திரைய விடக்கூடாது. ஆனா பி6 அளவுக்கு மீறினாலும் அதுவே நரம்பக் கெடுக்கும்! நரம்பு சத்துன்னு மெடிக்கல்ல கேட்டு மாசக்கணக்கா நாலஞ்சு வகை பி காம்ப்ளக்ஸ் சேத்துப் போடறவங்க அட்டைய திருப்பி ஒவ்வொண்ணுலயும் பி6 எவ்வளவுன்னு கூட்டிப் பாத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. கேன்சருக்குப் போடற வின்கிறிஸ்டின், சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்சல், சாதாரண மருந்துக்கு அடங்காத டிபிக்கு போடற லினசோலிட், வாரக்கணக்கா போடற மெட்ரோனிடசோல், இதெல்லாமும் கால் கைய மரத்துப்போக வைக்கலாம், மதமதப்பு ஆரம்பிச்ச அன்னைக்கே மருந்து கொடுக்கற டாக்டர்கிட்ட சொன்னா அளவக் குறைக்கவோ மாத்தவோ வழி இருக்கு. குடி நேராவே நரம்புக்கு விஷம், அதோட பி1ஐயும் காலி பண்ணும். சிகரெட், பீடி ரத்தக்குழாய சுருக்கும், நரம்பும் போயி ரத்த ஓட்டமும் போனா புண் ஆறவே ஆறாது. நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு வலிச்சு, நின்னா சரியாச்சுன்னா அது ரத்த ஓட்டக் குறைவா இருக்கலாம், அதத் தனியா டெஸ்ட் பண்ணணும்.

மூட்டு வலிக்கு பேர் இல்லாத பாக்கெட்ல விக்கற பொடி, உருண்டைல ஸ்டீராய்டு கலந்திருந்தா சுகர் கண்டபடி ஏறும், ஈயம் ஆர்சனிக் மாதிரி உலோகம் இருந்தா அதுவே நரம்பக் கெடுக்கும், என்ன இருக்குன்னு லேபிள் இல்லாத எதையும் வாய்ல வைக்காதீங்க.

மனக்கவலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. மனசு நெருக்கடில இருக்கறப்ப உடம்பு அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்குது, அது ரெண்டும் ஈரல்ல இருக்கற சர்க்கரைய ரத்தத்துல இறக்கும், அதனால அதே இட்லி அதே மாத்திரை, ஆனா சுகர் மட்டும் ஏறி நிக்கும். தங்கச்சி கல்யாணக் கடன் இருந்த வருஷம் அப்பாவோட மூணு மாச சராசரி சுகர் (HbA1c டெஸ்ட்) 9க்கு மேல போச்சு, பொதுவா 7க்குக் கீழ வைக்கச் சொல்லுவாங்க. அடுத்து தூக்கம். எரிச்சல் ராத்திரிதான் அதிகம், தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா மறுநாள் வலி இன்னும் பெருசாத் தெரியும், அந்தச் சுத்து எங்கயாவது உடைக்கப்படணும், பெரும்பாலும் தூக்கத்துல இருந்துதான் உடைக்க முடியுது. எப்பவும் சோகமா, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, சுகர் இருக்கறவங்களுக்கு மனச்சோர்வு அதிகமாவே வருது, அதுக்கு மருந்து இருக்கு.

ஆனா எல்லா மதமதப்பும் நரம்பு கெட்டது இல்ல. பதட்டத்துல மூச்ச வேக வேகமா இழுத்து விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு உதட்டச் சுத்தியும் கை விரல்லயும் ஜிவ்வுன்னு வரும், மூச்சு நிதானமானதும் கொஞ்ச நேரத்துல போயிடும். சுகர்ல வர்றது அப்படி வந்து வந்து போகாது, கால் விரல்ல மாசக்கணக்கா உக்காந்துக்கும். ரெண்டையும் குழப்பிக்கிட்டு பயந்து பயந்து கூகுள்ல தேடி இன்னும் பதட்டத்த ஏத்திக்கிற பசங்கள நான் பாத்திருக்கேன், ஒரு தடவ ரத்த டெஸ்ட் எடுத்துட்டா தெளிவாயிடும்.

எரிச்சலுக்கு மருந்து கேட்டீங்கன்னா, டைக்ளோஃபினாக் மாதிரி சாதாரண வலி மாத்திரை நரம்பு வலிக்குப் பெருசா கேக்காது, சுகர்ல ஏற்கனவே கஷ்டப்படற கிட்னியத்தான் கெடுக்கும். டாக்டர் எழுதறது பெரும்பாலும் பிரிகாபாலின், காபாபென்டின், டுலோக்ஸிடின், அமிட்ரிப்டிலின் இதுல ஒண்ணா இருக்கும். கடைசி ரெண்டும் மனச்சோர்வுக்கும் கொடுக்கற மாத்திரை, அத நெட்ல பாத்துட்டு "எனக்கென்ன பைத்தியமா"ன்னு நிறுத்திடாதீங்க, வலி நரம்போட சத்தத்தக் குறைக்கவும் அதே மருந்துதான். சின்ன அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க, பலன் தெரிய சில வாரம் ஆகும், தூக்கக் கலக்கம், தலைசுத்தல், கால் வீக்கம் வரலாம், வண்டி ஓட்டறவங்க கவனம். திடீர்னு நிறுத்தக்கூடாது. இதெல்லாம் வலியத்தான் குறைக்கும், நரம்ப வளர வைக்காது. நரம்பு மேல கெடாம பிடிச்சு நிறுத்தறது சுகர் கன்ட்ரோல்தான், டைப் 1 நோயாளிங்க கிட்ட நடத்தி 1993ல வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுல கறாரா சுகர வச்சிருந்தவங்களுக்கு நரம்பு பாதிப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம் குறைஞ்சது. டைப் 2ல அவ்வளவு இல்ல, இருந்தாலும் பலன் உண்டு. ஆனா ரொம்ப நாள் ஏறிக் கிடந்த சுகர ஒரேயடியா தடாலடியா இறக்கினா கொஞ்ச நாள் எரிச்சல் கடுமையா வரலாம், அதனால பயந்து மருந்த விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

காலத் தாண்டியும் நரம்பு கெடும், உள்ளுறுப்ப ஓட்டற நரம்பு. படுக்கைல இருந்து எழுந்தா கண்ண இருட்டிட்டு வருது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நெறைஞ்ச மாதிரி, சிறுநீர் முழுசா போகாத மாதிரி, ஆண்களுக்கு தாம்பத்யத்துல கஷ்டம், இதெல்லாம் அந்த வகைல வரலாம், வெக்கப்படாம சொல்லணும். இதுல ரொம்ப பயங்கரமானது ஹார்ட் அட்டாக் வலியே இல்லாம வர்றது, வெறும் மூச்சு வாங்கல், குளிர்ந்த வேர்வை, காரணமில்லாத அசதின்னு வந்தாலும் சுகர் நோயாளிக்கு உடனே இசிஜி எடுங்க. லோ சுகர் ஆனாலும் படபடப்பு தெரியாம போகலாம்.

சில விஷயத்துக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் கை கால் திடீர்னு மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம், உடனே 108க்கு போன் பண்ணுங்க, ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ளதான். ரெண்டு காலும் சில நாளுக்குள்ள வேகமா மேல நோக்கி பலவீனமாகிட்டே வந்தாலும், முதுகு வலியோட சிறுநீர் அடைச்சுக்கிட்டாலும் அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. பாதம் முழுக்க சூடா செவந்து வீங்கியிருக்கு, ஆனா பெருசா வலி இல்ல, புண்ணும் இல்லன்னா சுளுக்குன்னு தைலம் தேச்சு நடக்க விடாதீங்க, சார்கோட் பாதம்னு ஒண்ணு இருக்கு, உள்ள எலும்பு நொறுங்கிக்கிட்டு இருக்கும், நடக்க நடக்க பாதத்தோட வடிவமே போயிடும், கால தரைல ஊன விடாம தூக்கிட்டுப் போங்க. புண்ணுல நாத்தம், கறுப்பு நிறம், காய்ச்சல், கால்ல செவப்பு மேல ஏறறது, இதுக்கும் அதே அவசரம்.

கடைசியா செக்கப் போற அன்னைக்கு ஒரு விஷயம். டாக்டர் ரூம்ல கூட்டமா இருக்கும், சுகர் ரிப்போர்ட்ட பாத்து மாத்திரை எழுதி அனுப்பிடுவாங்க, காலப் பாக்க நேரம் இருக்காது, நாங்களும் பல வருஷம் அப்படியே வந்தோம். இப்பல்லாம் உள்ள போய் உக்காந்ததும் நான் முதல் வேலையா அப்பாவோட செருப்பையும் சாக்ஸையும் கழட்டி விட்டுடறேன். அவரும் ரெண்டு பாதத்தையும் முன்னாடி நீட்டி வச்சுக்கறாரு. வெறும் கால் கண்ணு முன்னாடி இருந்தா எந்த டாக்டரும் குனிஞ்சு பாக்காம அனுப்பறதில்ல.